சுற்றுச்சூழல் ஆய்வுப் பணியும் நம் பட்டதாரிகளும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



பட்டம் பெற்ற நம் பிள்ளைகள் செல்லத்தக்க பணிகளைப் பற்றிப் பேசுமாறு பணித்தார்கள். ஆசிரியர் பணியும் அலுவலகப் பணியும் நாம் அறிந்தவையே. ரெட்டிபாளையத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலையும் இருந்தும், அவற்றை ஒட்டிய ஒரு பணியை நாம் எண்ணிப் பார்த்ததில்லை. அது சுற்றுச்சூழல் ஆலோசகர் பணி.

1994-ஆம் ஆண்டு அறிவிக்கையும், அதற்கு மாற்றாக வந்த 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையும், பெருஞ்சுரங்கமோ ஆலையோ தொடங்குமுன் அதன் தாக்கத்தை மதிப்பிட வேண்டும் என்கின்றன. காற்று, நீர், நிலவியல், உயிரினம், சமூகப் பொருளாதாரம் எனத் துறைக்கொரு வல்லுநர் கூடி அவ்வறிக்கையை எழுதுகின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சுரங்கத்திற்கான கருத்துக் கேட்புக் கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். தடித்த ஆங்கில அறிக்கை. தமிழில் மெலிந்ததொரு சுருக்கம். புரட்டினேன். ஊர்த்தெருக் கிணற்று நீர் சோதிக்கப்பட்டிருந்தது. சுரங்கத்திற்கு மிக அருகிலுள்ள காலனிக் கிணறு பட்டியலிலேயே இல்லை. நீர்மட்டம் அளந்ததோ தை மாதத்தில். எங்கள் கிணறுகள் வற்றுவது வைகாசியில். பொய் எழுதினார்கள் என்று சொல்லமாட்டேன். எந்தக் கிணற்றில் கயிறு விடுவது என்று முடிவு செய்தவர் கண்ணில் காலனி படவில்லை, அவ்வளவே. அவ்விடத்தில் நம் பிள்ளை ஒருவன் இருந்திருந்தால்?

கல்லூரிப் படிப்பு இதற்கு ஆயத்தம் செய்கிறதா? பாதி செய்கிறது. வேதியியல் மாணவன் நீரின் கடினத்தன்மையைத் துல்லியமாகக் கண்டு சொல்வான். ஆனால் அந்நீர் அவனுக்குக் குப்பியில் கிடைக்கிறது. காற்றில் பத்து மைக்ரானுக்கு உட்பட்ட துகள், 24 மணிநேரச் சராசரியில் கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்பது 2009-இல் வகுத்த தரம். அதைத் தேர்வில் எழுதிவிடலாம். கருவியைக் காற்று வீசும் திசையில் எந்த வீட்டு மாடியில் வைப்பது என்பதைத் தெருவில் நின்றுதான் கற்கவேண்டும். நிலவியலைச் சொல்லவே வேண்டாம். நம் சிறுவர் காலில் இடறும் சிப்பிக்கல் ஏறத்தாழ 7 கோடி ஆண்டுக்கு முந்திய கடலின் மிச்சம். அதைக் காண அறிஞர்கள் எங்கிருந்தோ வருகிறார்கள். நம் மாணவரோ அப்பாடத்தின் பக்கமே போவதில்லை. புள்ளியியலும், பிழையின்றி ஆங்கிலத்தில் அறிக்கை எழுதும் பழக்கமும் உடன் வேண்டும்.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். இறுதியாண்டு மாணவர் தம் ஊர்க் கிணறுகளையே ஆய்வுப் பொருளாகக் கொள்ளட்டும். நீர்ச் சோதனைக் கட்டணத்தைச் சங்கம் ஏற்கட்டும். மாதந்தோறும் அளந்து குறிக்கக் கயிறும் குறிப்பேடும் நான் தருகிறேன். வைகாசி மாத அளவை மட்டும் யாரும் விட்டுவிடலாகாது.