சின்னத் திரையில் கண்ட பழைய படங்கள்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

     

நமக்கு முன்னர்ப் பேசிய அறிஞர்கள் வள்ளுவத்தையும் சிலம்பையும் பற்றி விரிவாக உரைத்தார்கள். நமக்கு ஒதுக்கப்பட்டதோ, பழைய திரைப்படங்களைத் தொலைக்காட்சியில் மீண்டும் காண்பது என்னும் பொருள். "இதற்குமா ஒரு சொற்பொழிவு?" என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தது நம் காதிலும் விழுந்தது. அவர் சென்ற ஞாயிறு பிற்பகல் மூன்று மணி நேரம் எதன்முன் அமர்ந்திருந்தார் என்பதை அவருடைய இல்லத்தரசியார் நன்கு அறிவார்!

வட ஆர்க்காட்டிலிருந்தும், சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்தும் பிழைப்பை நாடி இந்நகருக்கு வந்தவர்களின் மக்கள் நம்மிற் பலர். நம் முன்னோர் ஆலைகளில் உழைத்தனர், பின்னர் எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எல். முதலிய தொழிற்சாலைகளில் உழைத்தனர். வார விடுமுறையில் அல்சூர், சிவாஜி நகர், ஸ்ரீராமபுரம் பக்கத்துக் கொட்டகைகளுக்குக் குடும்பத்தோடு நடந்து சென்று தமிழ்ப் படம் பார்ப்பதே அவர்களுக்கு வாய்த்த பெரிய பொழுதுபோக்கு. அந்நாளில் ஒரு படத்தைப் பார்த்தால் பார்த்ததுதான். கொட்டகையை விட்டு அது போய்விட்டால் மீண்டும் எப்போது வருமென்று எவரும் கூற இயலாது. ஆகவே, கண்டதை நினைவிலேயே சுமக்க வேண்டியிருந்தது. குழாயடியில் ஒரு முறை, அடுப்பங்கரையில் ஒரு முறை, ஊருக்குப் போனால் அங்குள்ள உறவினர்க்கு ஒரு முறை என்று கதையைச் சொல்லிச் சொல்லியே காத்து வைத்தனர்.

பெங்களூர்த் தொலைக்காட்சி நிலையம் 1981 நவம்பர் 1ஆம் நாள் தொடங்கியது. அதில் வந்தவை கன்னடப் படங்கள். ராஜ்குமாரின் நடிப்பையும் குரலையும் நம் வீட்டுப் பெண்மக்கள் அறிந்து போற்றத் தொடங்கியது பெரும்பாலும் அவ்வழியேதான். தமிழ்ப் படத்துக்கோ தவம் கிடக்க வேண்டும். தில்லியிலிருந்து ஞாயிறு பிற்பகலில் மாநில மொழிப் படங்களை, மொழிப் பெயர்களின் ஆங்கில எழுத்து வரிசைப்படி ஒளிபரப்பினார்கள். அஸ்ஸாமியில் தொடங்கி, வங்காளி, குஜராத்தி, கன்னடம், மலையாளம் என்று ஒவ்வொன்றாகக் கடந்து தமிழின் முறை வருவதற்குள் வாரங்கள் பல ஓடிவிடும். அப்படி வந்த நாளிலும், பெரும்பாலும் விருது பெற்ற படமாகத்தான் இருக்கும். சிவாஜியையோ எம்.ஜி.ஆரையோ எதிர்பார்த்துத் தலைவாரிப் பூச்சூடி அமர்ந்த பாட்டிமார், பாட்டும் சண்டையும் இல்லாத அப்படத்தைப் பார்த்துக் கண்ணயர்ந்து போனதும் உண்டு. 1993 ஏப்ரல் 14ஆம் நாள் சன் தொலைக்காட்சி தொடங்கியது. கேபிள் கம்பி வழியே அது நம் வீடுகளை எட்டிய பின்னர்த்தான் பழைய படங்கள் நாள்தோறும் கூடத்திற்கே வரலாயின. இன்றோ அவை கைப்பேசிக்குள்ளும் வந்துவிட்டன.

வந்த பின்னர் நேர்ந்தது என்ன? நம் நினைவுகள் நீதிமன்றம் ஏறின!

நம் குடியிருப்பில் இரு நண்பர்கள். இருவரும் ஒரே தொழிற்சாலையில் முப்பது ஆண்டு பணிபுரிந்து ஓய்வு பெற்றவர்கள். 'நாடோடி மன்னன்' வண்ணப்படம் என்று ஒருவர் சாதிப்பார். கறுப்பு வெள்ளைப் படமே என்று மற்றவர் அடித்துக் கூறுவார். 1958இல் வெளிவந்த அப்படத்தை இருவரும் இளம் பருவத்தில் பார்த்தவர்களே. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. ஒரு நாள் தொலைக்காட்சியில் அப்படம் வந்தது. முற்பகுதி கறுப்பு வெள்ளையாகவே ஓடியது. ஒருவர் முகத்தில் வெற்றிப் புன்னகை. பின்னர்ச் சரோஜாதேவி தோன்றும் பகுதி வந்ததும் திரை முழுதும் வண்ணம்! மற்றவர் எழுந்து நின்றே கைதட்டினார். இருவரும் மெய்யே கூறினார்கள். ஆயின், ஒவ்வொருவரும் பாதிப் படத்தைத்தான் நினைவில் வைத்திருந்தார்கள்.

'திருவிளையாடல்' படத்திலும் இத்தகைய வியப்பு உண்டு. தருமியாக நாகேஷும் நக்கீரராக அப்படத்தின் இயக்குநர் ஏ.பி. நாகராசனும் தோன்றும் பகுதி, படத்தில் செம்பாதி இருக்குமென்றே நம்மில் பலர் எண்ணியிருந்தோம். மீண்டும் காணும்போதுதான், நான்கு திருவிளையாடல்களுள் அது ஒன்றே என்பதும், அதுவும் விரைவில் முடிந்துவிடுகிறது என்பதும் புலனாயின. சிறிது நேரமே திரையில் நின்ற ஓர் ஏழைப் புலவன், அறுபது ஆண்டுகளாக நம் மனத்தில் பெரிய இடம் பிடித்துக்கொண்டான். இன்னொன்றும் கூறல் வேண்டும். அவன் பாண்டியன் அவையில் படிக்கும் பாட்டு, குறுந்தொகையின் 2ஆம் பாட்டு. பள்ளியில் தமிழே பயிலாத நம் பேரப்பிள்ளைகள் அதனை ஒரு சொல்லும் பிறழாது ஒப்பிக்கின்றனர். பொருள் கேட்டால் விழிக்கின்றனர் என்பது வேறு செய்தி. பொருள் சொல்ல வேண்டியவர்களாகிய நாமும் சற்று விழிக்கத்தான் செய்கின்றோம்.

ஒரே படத்தை வயதுக்கு வயது மீண்டும் காணும்போது, படம் மாறுவதில்லை. நம் பார்வை வேறோர் ஆளிடம் போய் நிற்கிறது. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை, 1968இல் 'தில்லானா மோகனாம்பாள்' என்னும் படமாயிற்று. சிறுவர்களாயிருந்தபோது நாம் வைத்தியையும் ஜில்ஜில் ரமாமணியையும் கண்டு சிரித்தோம். நாதசுரம் நீண்டால் சலித்துக்கொண்டோம். இளமையில் சண்முகசுந்தரமும் மோகனாவும் ஒருவரையொருவர் நோக்கும் நோக்கு ஒன்றே படமாகத் தெரிந்தது. நடு வயதில், மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்த நாதசுரத்திற்காகவே மீண்டும் பார்த்தோம். இப்பொழுது நம் கண் போய் நிற்பது யாரிடம் தெரியுமா? மோகனாவின் தாய் வடிவாம்பாளிடம்! சி.கே. சரசுவதி அப்பாத்திரத்தை ஏற்றார். பேராசைக்காரி என்று கொட்டகையில் நாம் வைத அதே தாய்தான். ஆடல் ஒன்றையே பிழைப்பாகக் கொண்ட வீட்டில், மகளின் கால்கள் ஓய்ந்தால் நாளை உலைக்கு அரிசி ஏது என்று அஞ்சுகிற ஒருத்தியாக அவள் இப்போது தெரிகின்றாள். அவள் செய்தது சரியென்று நாம் கூறவில்லை. மகளிரை மணமுடித்துக் கொடுத்த தாய்மார் இவ்வவையில் இருக்கின்றீர்கள். அடுத்த முறை அப்படம் வரும்போது அவள் முகத்தைச் சற்று நோக்குங்கள்.

படத்தின் தொடக்கத்தில் ஓடும் பெயர்ப் பட்டியலைப் பற்றியும் ஒரு சொல். கொட்டகையில் அது ஓடும்போது நாம் இருக்கை தேடிக்கொண்டும், பிள்ளைகளை எண்ணிக்கொண்டும் இருப்போம். வீட்டில் அமர்ந்து பார்க்கும்போதுதான் அதனைப் படிக்கின்றோம். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959), 'கப்பலோட்டிய தமிழன்' (1961), 'கர்ணன்' (1964) ஆகிய மூன்றும் இயக்கியவர் பி.ஆர். பந்துலு. தமிழர் தலைநிமிர்ந்து பார்த்த இம்மூன்று படங்களையும் ஆக்கிய அவர், நம் பெங்களூருக்கு அடுத்த கோலார் மாவட்டத்தில் பிறந்தவர். 'கப்பலோட்டிய தமிழன்' வெளிவந்த அதே 1961இல், கன்னடத்தில் 'கித்தூர் சென்னம்மா'வையும் அவரே இயக்கினார். அதில் அரசியாக நடித்தவர் இந்நகரில் பிறந்த பி. சரோஜாதேவி. 'கர்ணன்' படத்தில் குந்தியாக வந்த எம்.வி. ராஜம்மாவும் கன்னட நாட்டவரே.

சென்ற ஆண்டுகளில் ஒரு நாள் கட்டபொம்மன் படம் ஓடிக்கொண்டிருக்கையில், ஆறாம் வகுப்புப் பயிலும் ஒரு சிறுவன், "திறை என்றால் என்ன?" என்று கேட்டான். அரசனுக்குக் கட்டும் வரி என்று பெரியவர் ஒருவர் விளக்கினார். உடனே அவன், "ஓ, தெரிகெயா?" என்றான். கன்னடப் பாடத்தில் வரியைத் 'தெரிகெ' என்றுதான் படிக்கின்றான். பெரியவர் திகைத்துப் போனார். இரண்டும் ஒரு வேரில் கிளைத்த சொற்கள் என்பதை அறிஞர்கள் அகராதியில் எழுதி வைத்திருக்கின்றனர். நம் வீட்டுக் கூடத்தில் அதனை ஒரு சிறுவன் தானே கண்டுகொண்டான்.

சரோஜாதேவி 2025 ஜூலை 14ஆம் நாள் இந்நகரிலேயே மறைந்தார். அந்த வாரம் நம் வீடுகளில் அவருடைய படங்களே ஓடின. கன்னட வாடை வீசும் அவருடைய கொஞ்சு தமிழைத் தமிழ்நாடே விரும்பிக் கேட்டது. 'கன்னடத்துப் பைங்கிளி' என்று பெயரும் சூட்டியது. நம் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊருக்குச் சென்று அதே வாடையோடு பேசினால் மட்டும் அத்தைமாரும் மாமன்மாரும் கேலி செய்கின்றனர்! இந்த நீதி நமக்கு விளங்கவில்லை.

இனி, நாம் சொல்ல விரும்பியதற்கு வருவோம். 2016 செப்டம்பரில் காவிரிச் சிக்கல் மூண்டது. கொட்டகைகளில் தமிழ்ப் படங்கள் நின்றன. கேபிள் வழி வந்த தமிழ் ஒளிபரப்பும் நின்றது. 1991இன் டிசம்பரைக் கண்டவர்கள் சன்னலைச் சாத்திக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினார்கள். பிள்ளைகள் பள்ளிக்கும் செல்லவில்லை. வெளியில் ஆடவும் இயலவில்லை. அந்நாள்களில் நம் குடியிருப்பின் மூதாட்டி ஒருவர், அண்டை வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் கூட்டி வைத்து 'கர்ணன்' படக் கதையைச் சொன்னார். மூன்று மாலைப் பொழுதுகள் சொன்னார். கேட்டிருந்த பிள்ளைகளுள் கன்னடம் பேசும் வீட்டுப் பிள்ளைகள் இருவரும் இருந்தனர். தேரோட்டியின் மகனென்று கணவனை இகழ்ந்து வாழ்ந்த பொன்னுருவி, அவன் கடைசிப் போருக்குப் புறப்படும்போது வழிமறித்துக் கலங்கும் இடத்தை அவர் சொன்னபோது, பிள்ளைகள் அழுதே விட்டனராம்.

சில மாதங்கள் கழித்துத் தொலைக்காட்சியில் 'கர்ணன்' வந்தது. பிள்ளைகள் விளம்பரங்களையும் பொறுத்துக்கொண்டு இறுதிவரை பார்த்தனர். பின்னர், "பொன்னுருவி எங்கே? அந்தக் காட்சியை வெட்டிவிட்டார்கள்!" என்று பெருங்கூச்சல். ஒருவரும் வெட்டவில்லை. படத்தில் கர்ணன் மனைவியின் பெயர் சுபாங்கி. தேவிகா அப்பாத்திரத்தை ஏற்றார். அவள் கணவனிடம் பேரன்பு கொண்டவள். பொன்னுருவி வருவது வட ஆர்க்காட்டுப் பக்கத்துத் தெருக்கூத்தில், விடிய விடிய ஆடும் 'கர்ண மோட்சத்தில்'. மூதாட்டியார் சிறுமியாயிருந்தபோது ஊரில் கண்ட கூத்தும், பெங்களூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபின் கண்ட படமும் அவர் நினைவில் ஒன்றாய்க் கலந்து, எந்தக் கொட்டகையிலும் ஓடாத ஒரு 'கர்ணன்' உருவாகியிருந்தது. இதனை அவரிடம் கூறியபோது அவர் நாணவில்லை. "படம் எடுத்தவர்களுக்குத் தெரியவில்லை போலும்" என்று மட்டும் சொன்னார்.

அம்மூதாட்டியார் இப்போது இல்லை. 'கர்ணன்' இருக்கிறது, 2012இல் புதுப்பிக்கப்பட்டு வெளிவந்த தெளிவான பதிப்பே இருக்கிறது, விரும்பிய நேரத்தில் காணலாம். மூன்று மாலைகள் சொல்லப்பட்ட அந்தக் 'கர்ண'னை ஒருவரும் ஒலிப்பதிவு செய்து வைக்கவில்லை. கேட்ட பிள்ளைகளுள் ஒருத்தி இவ்வாண்டு கல்லூரியில் சேர்ந்திருக்கின்றாள். அவளிடம் கேட்டோம். பாதிதான் நினைவிருக்கிறது என்றாள்.

ஆதலின், பொறுப்பாளர்களின் இசைவோடு ஓர் அறிவிப்பு. வரும் ஞாயிறு மாலை 4 மணிக்கு இம்மண்டபத்தில் 'கர்ணன்' முழுப் படமும் விளம்பரமின்றித் திரையிடப்படும். அண்டை வீட்டுக் கன்னட அன்பர்களையும் அழைத்து வாருங்கள். இடைவேளையில் அந்தப் பெண், தனக்கு நினைவிலிருக்கும் பொன்னுருவிப் பகுதியைச் சொல்லுவாள். விட்டுப்போனதை எடுத்துச் சொல்லக்கூடிய, கூத்துப் பார்த்த பெரியவர்கள் நம்மிடையே இன்னும் சிலர் இருக்கின்றார்கள். அவர்கள் முன்வரிசையில் அமரக் கோருகின்றோம். பெயர்ப் பட்டியலையும் படிக்கப் போகின்றோம். பத்து நிமிடம் முன்னதாகவே வாருங்கள்.