இருதயத்தின் கதவு



இருதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் இடையே கதவுபோல நிற்பது மைட்ரல் வால்வு. சிறுவயதில் தொண்டைநோவைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சல் அதன் இதழ்களை ஒட்டச்செய்து வழியைச் சுருக்கிவிடும். ஆண்டுகள் பல சென்றபின்னரே மூச்சிளைப்புத் தோன்றும். முன்னர் நெஞ்சைத் திறந்தே வைத்தியர் இதனைச் சீர்செய்தனர். 1982 ஆம் ஆண்டிலே யப்பானியச் சத்திரவைத்தியர் இனோவே, தொடையிடுக்கு நாளத்தின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, இருதயத்தின் இடைச்சுவரைத் துளைத்து, வால்வினுள்ளே பலூனை ஊதி, ஒட்டிய இதழ்களைப் பிரித்தார்.

ஆயினும், சுண்ணாம்பேறித் தடித்த வால்வுக்கு அம்முறை பெரிதும் உதவாது. ஆதலால் நாம் செய்யத்தக்கது யாது? தம்பி தங்கையரின் தொண்டைநோவைச் சிறிதென்று தள்ளாது வைத்தியரிடம் காட்டுவோம். உரிய காலத்திற் கொடுக்கும் பெனிசிலின் அக்கதவைக் காக்கும்.