'எவிக்ட்' என்றால் ஓடிப்போ என்று அர்த்தமில்லை
(ஆர்ப்பாட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)

 

வக்கீல் நோட்டீசில் 'எவிக்ட்' என்று ஒரு வார்த்தை வருது. அதைப் பார்த்ததுமே நம்ம ஆளு நடவை விட்டுட்டுக் கிளம்பிடுறான். லத்தீன் மொழியில் அந்தச் சொல்லுக்கு வேர் 'ஜெயிப்பது'. அதாவது வழக்காடி ஜெயிச்சு, சட்டப்படி வெளியேற்றுவது. ராத்திரியில அடியாளை அனுப்பி நாத்தைப் பிடுங்கிப் போடுறதுக்குப் பேரு எவிக்ட் இல்லை; அது ரவுடித்தனம். அதுக்குப் போலீஸ்ல புகார் கொடுக்கணும்.

1955-ஆம் வருஷத்துப் பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், மூன்றாம் பிரிவைப் படிங்க. நிலச் சொந்தக்காரர் தானா வெளியேத்த முடியாது. மனுப் போடணும், விசாரணை நடக்கணும், உத்தரவு வரணும். குத்தகை பாக்கின்னாலும் கட்டுறதுக்கு அவகாசம் தர அதிகாரம் இருக்கு. நெல்லை வாங்க மாட்டேன்னு முரண்டு பிடிச்சா கோர்ட்டில் கட்டிடலாம். வக்கீல் நோட்டீஸ் உத்தரவு ஆகாது. எங்க ஊர்ல கல்யாணப் பத்திரிகைக்குக் கூட அதைவிட மரியாதை.

ஆனா 'நான்தான் குத்தகைக்காரன்'னு காட்டணுமே! வாய்ப்பேச்சுக் குத்தகைதான் நம்மள அழிக்குது. 1969-ஆம் வருஷச் சட்டப்படியான குத்தகைப் பதிவேட்டில் பேர் ஏறாதவங்க, இன்னைக்கே சங்கத்துல பேர் கொடுங்க. மொத்தமா தாசில்தார் ஆபீசுக்குப் போவோம்.