பெரியவர்கள் அவரவர் வீட்டிலேயே இருக்கட்டும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சங்க நிதியில் முதியோர் இல்லம் கட்டலாம் என்று காலையில் ஒரு யோசனை வந்தது. நல்ல மனசோடு சொன்ன யோசனைதான். ஆனாலும் எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆதரவே இல்லாதவர்களுக்கு இல்லம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் நம்ம பக்கம் நான் பார்க்கிற பெரியவர்கள் பலருக்கு வீடு இருக்கிறது, வாசல் இருக்கிறது. பிள்ளைகள்தான் திருப்பூரிலும் சென்னையிலும் துபாயிலும். மாத்திரை தீர்ந்தால் வாங்கி வர ஆளில்லை. ராத்திரி விழுந்தால் தூக்க ஆளில்லை.

பணி ஓய்வுக்குப் பிறகு சின்னாளபட்டியில் நாலைந்து தெருக்களில் பெரியவர்களைப் பார்த்து வருகிறேன். ஒரு நெசவு வீட்டு அம்மாவுக்கு வயசு 80க்கு மேல். மகன் கூப்பிட்டும் போகவில்லை. "அங்க போனா நாலு சுவத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்கணும். இங்கன்னா போறவங்க வர்றவங்க 'ஆத்தா, சாப்பிட்டியா'ன்னு கேப்பாங்கல்ல" என்றார். கழிவறைச் சுவரில் ஒரு கம்பி, உயரமான வாசலில் இன்னொரு படி, ராத்திரிக்கு ஒரு பல்பு போட்டுக் கொடுத்தோம். செலவு ஒரு கல்யாண மொய்க்குள் அடங்கிவிட்டது. தறியில் தேய்ந்த விரல், ரேஷன் கடை மெஷினில் ரேகை விழவில்லை. அதற்கும் கூடப் போய் நிற்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயது கடந்தவர்கள். அரசு சும்மா இருக்கவில்லை. 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி, சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்தார்கள். 2025இல் 'தாயுமானவர்' திட்டத்தில் 70 வயது கடந்தவர்களுக்கு ரேஷன் பொருளை வாசலுக்கே அனுப்பத் தொடங்கினார்கள். ஊழியர் ஒரு நாள் வந்து போவார். மற்ற நாளுக்கு?

அதற்கு மலப்புறத்துக்காரர்கள் வழி காட்டியிருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டையொட்டி அங்கே உருவான அக்கம்பக்கத்து நோய்த்தணிப்பு அமைப்பில் சேர வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும். 16 மணி நேரப் பயிற்சி. டீக்கடைக்காரர், மாணவர், ஆசிரியர் எல்லாரும் சேர்ந்தார்கள். படுக்கையில் கிடப்பவர்களை அவர்கள் தேடிக் கண்டுபிடிக்க, நர்ஸ் வீட்டுக்கே போனார். பெரும்பாலும் ஊர்க்காரர்களின் சில்லறைக் காசுதான் முதல்.

நமக்கு இது புதுசில்லை. 1947இல் டாக்டர் சௌந்தரம் அம்மா இதே சின்னாளபட்டியில் சின்னதாக ஆரம்பித்த வைத்தியப் பணிதான் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது.

நான் கேட்பது இவ்வளவுதான். நாகல்நகர், பேகம்பூர், ரெட்டியார்சத்திரம், எங்கே குடியிருந்தாலும் உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இரண்டு பெரியவர்கள். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களும் வரட்டும், ஆனால் தனியாக வேண்டாம், இரண்டு பேராக. பெரியவர்களின் ஏ.டி.எம். கார்டை மட்டும் யாரும் கையில் வாங்காதீர்கள். அங்கேதான் மனஸ்தாபம் முளைக்கும். கைப்பிடிக் கம்பிக்கும் கொத்தனார் கூலிக்கும் சங்க நிதியில் ஒரு பகுதியை ஒதுக்கலாம்.

பெயர் கொடுக்க நூலக வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். தெருப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஏரியா வாரியாகப் பிரித்துக்கொள்வோம்.