முதற் சாட்சியம்



2016இல் ஓரியோல் பவுலோ இயக்கிய ஸ்பானியப் படம் ‘கொன்ட்ராதியெம்போ’. பூட்டிய விடுதி அறையில் கொலை. குற்றஞ்சாட்டப்பட்ட வணிகன் கதை சொல்கிறான். சொல்லச் சொல்ல உண்மை உருமாறுகிறது. நாமோ ஒவ்வொன்றையும் நம்பி ஏமாறுகிறோம், ஏமாந்தும் மகிழ்கிறோம்! ஏன்? தீர்ப்பு வழங்கும் ஆசனத்தில் படம் நம்மை அமர்த்திவிடுகிறது. 1954இல் எஸ். பாலசந்தர் பாடலின்றி எடுத்த ‘அந்த நாள்’ இச்சுவையைத் தமிழருக்கு அன்றே ஊட்டிற்று.

அரங்கில் ஏமாறுவது இன்பம்; ஊரில் ஏமாறுவது? 2019 மே மாதம், நம் புத்தளக் கரையின் சிலாபத்தில், முகநூலில் வந்த ஒரு வாக்கியம் மிரட்டலெனப் பிழையாகப் பொருள் கொள்ளப்பட்டது. பள்ளிவாசலும் முஸ்லிம்களின் கடைகளும் தாக்கப்பட்டன. மறு சாட்சியம் கேட்கக் கூட்டம் காத்திருக்கவில்லை.

திரையில் முடிவுவரை பொறுத்திருக்கும் நாம் தெருவிலும் பொறுத்திருப்போம். வதந்தியை நம்பித் தீர்ப்பு எழுதோம்!