ஆடுகளத்திற் பயிற்றுநரின் பொறுப்பு

மார்கழி மழை ஓய்ந்து தை பிறந்ததும் திருகோணமலை மாவட்டத்துப் பாடசாலை மைதானங்களிற் சுண்ணாம்புக் கோடுகள் தோன்றத் தொடங்குவது வழக்கம். இல்ல மெய்வல்லுநர் போட்டிகளுக்குரிய காலம் அது. நகருக்கு வடக்கே, புல்மோட்டை வீதியில், நிலாவெளியையும் குச்சவெளியையும் கடந்து ஏறத்தாழ 45 கிலோமீற்றர் தொலைவிலுள்ள திரியாய் போன்ற ஓர் ஊரில் விளையாட்டுப் போட்டி பாடசாலைக்கு மட்டும் உரிய விழாவன்று. அஃது ஊர் விழா. போரினால் மக்கள் பெயர்ந்து சென்று, பின்னர் மீண்டு வந்து குடியேறிய ஊர் அது. அங்கே பிள்ளைகள் ஓடியாடும் காட்சி பெற்றார்க்கு எத்துணை ஆறுதல் தரும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆயினும் அண்மைக் காலத்தில் விளையாட்டுப் பொறுப்பாசிரியர்களின் உள்ளத்தில் ஒரு தயக்கம் குடிகொண்டிருக்கின்றது. "பிள்ளை விழுந்தால் யார் பதில் சொல்வது?" என்பதே அத்தயக்கம். ஈட்டி எறிதலை நிறுத்திவிடலாம், மரதன் ஓட்டத்தைக் கைவிடலாம் என்று எண்ணுவோரும் உளர். இந்த அச்சம் காரணமற்றதன்று. 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவிலில், பாடசாலை மரதன் ஓட்டத்திற் பங்குபற்றிய பதினாறு வயது மாணவன் ஒருவன் உயிரிழந்தான். கிழக்கு மாகாணத்துப் பாடசாலைகள் யாவற்றையும் அச்செய்தி உலுக்கிற்று. இத்தகைய துயரம் நேருமிடத்துச் சட்டம் இரு வழிகளிற் கதவைத் தட்டலாம். ஒன்று, நட்டஈடு கோரும் குடியியல் வழக்கு. மற்றொன்று, கண்மூடித்தனமான அல்லது கவனயீனமான செயலால் மரணம் விளைவித்தலைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு.

அப்படியாயின் விபத்து நேர்ந்தாலே பயிற்றுநர் குற்றவாளியாகி விடுவாரா? இல்லை. சட்டம் கேட்கும் கேள்வி, "பிள்ளைக்குக் காயம் நேர்ந்ததா?" என்பதோடு முடிவதில்லை. "செய்ய வேண்டியதைச் செய்தீரா?" என்பதே அது கேட்கும் முதன்மையான கேள்வி.

இக்கேள்வியின் வேர் மிகப் பழையது. இலங்கையில் தீங்கிழைத்தலுக்கு நட்டஈடு கோரும் வழக்குகள் உரோமன் டச்சுச் சட்டத்தின்பாற் பட்டவை. ஒல்லாந்தர் கொணர்ந்த அச்சட்டத்தை 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் ஆங்கிலேயரும் நிலைக்க விட்டனர். அதன் மூலமாகிய உரோமச் சட்டத் தொகுப்பு கி.பி. 533இல் யசுத்தினியப் பேரரசன் காலத்தில் வெளியாயிற்று. அங்கே ஈட்டி எறிவோரைப் பற்றிய உதாரணமே வருகின்றது. ஈட்டி எறிதற்கென ஒதுக்கப்பட்ட களத்திலே ஒருவன் எறிந்துகொண்டிருக்கையில், வேறொருவன் வேளையறியாது குறுக்கே நடந்து அடிபட்டால் எறிந்தவன்மேற் பிழையில்லை. எறிதற்கு உரியதல்லாத இடத்தில் ஒருவன் எறிந்து பிறர்க்குத் தீங்கு விளைத்தானாயின் அவன் பொறுப்பாளி. எனவே, ஈட்டியை விலக்குமாறு அப்பழஞ்சட்டம் கூறவில்லை. அதற்குரிய இடத்தையும் வேளையையும் ஒழுங்குசெய்யுமாறே அது உணர்த்துகின்றது. ஈட்டி விழும் பரப்பைக் கயிறு கட்டி மறித்து, ஈட்டியைப் பொறுக்கச் செல்வோர் திரும்பும்வரை அடுத்தவர் எறியலாகாது என்று விதித்து, அதைக் கண்காணிக்க ஓர் ஆசிரியரையும் நிறுத்திய பயிற்றுநர் தம் கடமையிற் பெரும்பகுதியை நிறைவேற்றியவராவார்.

ஆங்கில நீதிமன்றங்களும் இவ்வழியையே சார்ந்துள்ளன. ஆசிரியர் கவனமுள்ள ஒரு தந்தையைப் போல் நடந்துகொள்ளல் வேண்டும் என்ற அளவுகோல் 1893ஆம் ஆண்டிலேயே அங்கு வகுக்கப்பட்டது. உடற்பயிற்சிக் கூடத்தில் நிகழ்ந்த இரு விபத்துக்களின் தீர்ப்புக்களை ஒப்பிட்டால் இதன் பொருள் விளங்கும். 1936ஆம் ஆண்டின் வழக்கில், மரக்குதிரையைத் தாண்டிய மாணவன் தடுமாறி விழுந்தபோது ஆசிரியர் அவனைத் தாங்க ஒன்றும் செய்யவில்லை. பாடசாலை நடத்திய அதிகாரசபை நட்டஈட்டுக்குப் பொறுப்பாயிற்று. 1952ஆம் ஆண்டின் வழக்கில், தாண்டி வருவோரைத் தாங்குதற்கு மாணவரையே முறைமுறையாக நிறுத்துவது ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கமாயிருந்தது. இடைவேளை மணி ஒலித்ததும் தாங்க நின்ற சிறுவன் திடீரென ஓடிவிட்டான். தாண்டியவன் விழுந்து காயமுற்றான். அங்கு கவனயீனம் இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. இரண்டிடத்தும் பிள்ளை விழுந்தது. ஓரிடத்தில் மட்டுமே, முன்னரே செய்துவைத்த ஒழுங்கு ஆசிரியருக்குத் துணை நின்றது.

கவனமுள்ள தந்தை செய்ய வேண்டியது யாது என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். திரியாயிலே வாழும் தந்தைக்குத் திருகோணமலைப் பொது வைத்தியசாலை ஏறத்தாழ 45 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளது என்பது தெரியும். நகரத்துப் பாடசாலை சில நிமிடங்களிற் பெறும் உதவி இங்கு அவ்வாறு கிடையாது என்பதை அறிந்தே பயிற்றுநர் திட்டமிடல் வேண்டும். 2016ஆம் ஆண்டில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவிய 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையின் இலக்கம் எல்லா ஆசிரியருக்கும் தெரிந்திருத்தல் வேண்டும். அது வந்து சேருமுன் நேரும் தாமதத்தைக் கருதி, வாகனம் ஒன்றைப் போட்டி நாளிலே ஆயத்தமாக நிறுத்திவைத்தல் நன்று. நெடுந்தூர ஓட்டத்தை வெயில் ஏறுமுன் அதிகாலையில் முடித்துவிடுதல் வேண்டும். வழியெங்கும் நீரும் கண்காணிப்பாளரும் இருத்தல் வேண்டும். வெப்பத்தாக்கினால் மயங்கிய பிள்ளையை நிழலிற் கிடத்தி, உடல் முழுவதையும் நீரால் விரைந்து குளிர்விப்பதே முதற் சிகிச்சை. முதலிற் குளிர்வித்து, அதன் பின்னரே வாகனத்தில் ஏற்றிச் செல்ல வேண்டும் என்பது இன்றைய மருத்துவர் துணிபு. வைத்தியசாலை தொலைவிலுள்ள ஊருக்கு இதனினும் பயனுள்ள அறிவு வேறில்லை.

பல பாடசாலைகளிற் பெற்றாரிடம் சம்மதக் கடிதம் வாங்கும் வழக்கம் உண்டு. "எது நேர்ந்தாலும் பாடசாலை பொறுப்பேற்காது" என்ற ஒரு வரியையும் அதிற் சேர்த்துவிட்டால் அச்சம் நீங்கிற்று என்று கருதுவோர் ஏமாறுவர். ஆபத்தை அறிந்து உடன்பட்டவன் பின்னர் முறையிடலாகாது என்ற கொள்கை விளையாட்டுக்கு இயல்பான காயங்களுக்கே பொருந்தும். உதைபந்தாட்டத்திற் கால் சுளுக்குவதற்குப் பெற்றார் உடன்பட்டிருக்கலாம். ஆட்டங் காணும் கோற்கம்பம் தம் பிள்ளைமேல் விழுவதற்கு எந்தப் பெற்றார் உடன்படுவர்? அக்கடிதத்தின் மெய்ப்பயன் வேறிடத்தில் உள்ளது. இருதய நோய், ஈளை, வலிப்பு முதலியன பிள்ளைக்கு உண்டா என்று அதிற் கேட்டறிதல் கூடும். அவ்வாறு அறிந்ததைப் பெட்டியிற் பூட்டி வையாது, பயிற்றுநர் கையிற் கொடுத்தலும் வேண்டும்.

இனி, நட்டஈட்டின் சுமை யாருடையது? 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் தன் ஊழியரின் தீங்குச் செயல்களுக்கு அரசையும் பொறுப்பாக்கிற்று. ஆகவே, கடமையின்போது நேர்ந்ததற்கு அரசாங்க ஆசிரியர் தனித்து நிற்க வேண்டியதில்லை. ஆனால் கிராமப் பாடசாலைகளில் மாலை வேளைகளிற் பயிற்சியளிப்போர் பெரும்பாலும் ஊதியம் பெறாத பழைய மாணவர்களே. விபத்து நேர்ந்த பின்னர், "இவர் யாருடைய ஊழியர்?" என்ற வினா எழுமாயின் அன்பினால் உதவ வந்த இளைஞன் ஆதரவின்றி நிற்பான். அவனுக்கு எழுத்து மூலம் நியமனம் கொடுத்து, இன்ன நாளில், இன்ன ஆசிரியரின் மேற்பார்வையில் என்று குறித்து, வலயக் கல்வி அலுவலகத்துக்கும் அறிவித்தல் அதிபரின் கடன். அவனுக்கு முதலுதவிப் பயிற்சி கிடைக்கச் செய்தலும் அவ்வாறே.

காப்புறுதியும் கருதற்பாலது. மாணவருக்குக் காப்புறுதி எடுப்பது பாடசாலையின் சட்டக் கடமையன்று என 1989ஆம் ஆண்டில் ஆங்கில மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. றக்பி ஆட்டத்திற் கடுங்காயமுற்ற மாணவன் ஒருவனின் வழக்கு அது. யாருடைய பிழையுமின்றிக் காயமுற்ற பிள்ளைக்கு வழக்கினாற் பயனில்லை என்பதை அது உணர்த்துகின்றது. இலங்கையில் 2017ஆம் ஆண்டில் அரசாங்கம் சுரக்ஷா மாணவர் காப்புறுதித் திட்டத்தைத் தொடங்கிற்று. இத்தகைய திட்டங்களின் நியதிகளைப் பெற்றாருக்கு விளக்கி, படிவம் நிரப்ப உதவுதல் வேண்டும். சிகிச்சைச் செலவுக்கு வழியுள்ள குடும்பம் ஆசிரியர்மேல் வழக்குத் தொடுக்க விரையாது.

இறுதியாக ஒரு குறிப்பேடு. மைதானத்தைப் பார்வையிட்ட நாள், பழுதென விலக்கிய கருவி, பயிற்சிக்கு வந்தோர் பெயர், நேர்ந்த காயம், அளித்த உதவி ஆகியவற்றை அன்றன்றே எழுதி ஒப்பமிடல் வேண்டும். தீங்கு வழக்குக்குரிய காலவரையறை இரண்டாண்டு எனினும், பராயமடையாதார்க்கு அக்காலம் நீள்வதுண்டு. ஆதலின் அவ்வேட்டைப் பல்லாண்டு பேணுதல் வேண்டும். நினைவு மங்கிய பின்னர் நீதிமன்றத்திற் பேசவல்லது அவ்வேடே.

இவற்றுள் எதுவும் பெரும்பொருள் வேண்டுவதன்று. கயிறும், நீர்க்குடமும், ஒரு குறிப்பேடும், முற்கூட்டியே பேசி வைத்த வாகனமும் எந்த ஊரிலும் கிடைக்கும். விளையாட்டை நிறுத்திவிடும் பாடசாலை வழக்கிலிருந்து தப்பலாம். ஆயினும் அங்கு மேற்பார்வையின்றி விடப்பட்ட பிள்ளைகள் கடற்கரையிலும் குளத்திலும் தாமாகவே விளையாடச் செல்வர். அங்கே அவர்களைப் பார்க்க ஆசிரியர் எவரும் இரார். பிள்ளையின் பாதுகாப்புக்கென ஒரு பயிற்றுநர் செய்யும் ஒவ்வோர் ஒழுங்கும் அவருடைய பாதுகாப்புக்கும் ஆகும். இதனை அதிபரும் பெற்றாரும் உணர்ந்து, போட்டி நாளுக்கு முன்னரே ஒருமுறை கூடிப் பேசுவாராயின், திரியாயின் மைதானத்திலே ஈட்டியும் பறக்கும், ஆசிரியரும் அச்சமின்றி நிற்பர்.