சிறு தொலைநோக்கியும் மின்னணுப் படக்கருவியும்
(வித்துராவில் ஆற்றிய உரை)



1837இல் திருவனந்தபுரத்தில் வானாய்வு நிலையம் நிறுவப்பட்டபோது, கண்டதைக் கையால் வரைவதே வழி. இன்று வித்துராவின் பள்ளி மாணவரும் தொலைநோக்கியின் கண்ணருகு வில்லையை அகற்றி, அவ்விடத்தில் மின்னணுப் படக்கருவியைச் செருகி, வியாழனைக் கணிப்பொறித் திரையில் காணலாம். ஆயின் அதன் உணர்சில்லு மிகச் சிறியது. வானம் நொடிக்கு 15 வில்நொடி நகர்வதால், சுழற்பொறியற்ற தாங்கியில் கோள் விரைவில் நழுவிவிடும். காற்றின் கொந்தளிப்போ உருவத்தை நடுங்கச் செய்யும். பொன்முடி முகில் விலகும் இரவுகளும் சிலவே. எனவே இரண்டு நிமிடம் ஓடும்படமாக எடுத்து, ஆயிரக்கணக்கான படங்களுள் தெளிந்தவற்றை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குதல் வேண்டும். 2009 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் அந்தோணி வெஸ்லி என்னும் ஆர்வலர் வியாழனில் புதிய மோதல் வடுவைக் கண்டது இவ்வகைப் படப்பிடிப்பால்தான். பள்ளிகளுக்குக் கருவி வாங்கும் அலுவலர்கள், படக்கருவிக்கு முன் நல்ல தாங்கிக்கு நிதி ஒதுக்குதல் நலம்.